மூச்சா, நடையா, எழுத்தா: அன்றாட டென்ஷனுக்கு எதை, எப்போது எடுப்பது?

"ரொம்ப டென்ஷனா இருக்கு, என்ன பண்றது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் பத்து வழி சொல்வார்கள். மூச்சை இழுத்து விடு, தியானம் பண்ணு, வெளியே ஒரு நடை போய்விட்டு வா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசு, நல்ல பாட்டுக் கேள், நன்றாகத் தூங்கு. எல்லாமே காசு கேட்காத, மருந்து வேண்டாத வழிகள். எல்லாவற்றிலும் உண்மையும் இருக்கிறது. ஆனால் எல்லாம் நல்லது என்று மட்டும் தெரிந்தால் எதையும் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. இரண்டு நாள் இது, மூன்று நாள் அது என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுவுமே ஒத்துவரலை" என்று விட்டுவிடுகிறோம்.

நானும் அப்படி விட்டவன்தான். வேலையிடத்தில் பெரிய வாக்குவாதம் நடந்த ஒரு நாள் மாலை, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தியானம் செய்ய உட்கார்ந்தேன். கண்ணை மூடியதுமே அந்த வாக்குவாதம் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. நான் சொல்லாமல் விட்ட பதில்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பத்து நிமிடம் கழித்து எழுந்தபோது, உட்காரும்போது இருந்ததைவிட நெஞ்சு வேகமாக அடித்தது. தியானம் நமக்கு ஆகாது என்று அன்றே முடிவு கட்டினேன். அது அவசர முடிவு என்று புரியச் சில வருடங்கள் பிடித்தன. தவறான நேரத்தில் சரியான வழியைக் கையில் எடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

அதனால் இங்கே ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளை வைத்து எடைபோட்டுப் பார்க்கிறேன். எத்தனை நிமிடத்தில் பலன் தெரியும்? அந்தப் பலன் எவ்வளவு நேரம் நிற்கும்? இறுக்கம் உடம்பில் இருக்கும்போது உதவுமா, அல்லது தலைக்குள் பேச்சு ஓயாமல் ஓடும்போது உதவுமா?

அதற்கு முன் சொல் பற்றி ஒரு விஷயம். தமிழில் 'மன அழுத்தம்' என்பதை இரண்டு வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். வேலை, படிப்பு, பணம், குடும்பம் என்று நாலு பக்கமும் நெருக்கும்போது வரும் இறுக்கத்துக்கும் அந்தச் சொல்தான். வாரக்கணக்கில் எதிலுமே பிடிப்பில்லாமல் போகிற நோய்நிலைக்கும் அதே சொல்தான். இரண்டாவதை மனச்சோர்வு என்று தனியாகச் சொல்வது நல்லது. அதற்கு மருத்துவம் வேண்டும். நான் பேசுவது முதலாவதைப் பற்றி, வாய்ப்பேச்சில் 'டென்ஷன்' என்கிறோமே, அதைப் பற்றி.

உடம்புக்குள் இரண்டு வேகங்கள்

எந்த வழி எப்போது உதவும் என்பதற்கு விடை உடம்பின் வேலைமுறையிலேயே இருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும், இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டுகின்றன. இது நொடிக் கணக்கில் நடக்கும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், தசைகள் இறுகும். சண்டை போடவோ தப்பி ஓடவோ உடம்பு தயாராகிற இந்த நிலையை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-ல் விவரித்தார்.

அதே சுரப்பிகளின் வெளிப்பகுதி இன்னொரு வேலையையும் செய்கிறது. அது கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கிறது. இது நிதானமாக ஏறும். பதற்றம் தொடங்கி 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். இறங்கவும் நேரம் எடுக்கும். ஒருவரிடம் திட்டு வாங்கி அரைமணி ஆகி, எல்லாம் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் உடம்பு அடங்காமல் இருக்கிறதே, அதற்கு ஒரு காரணம் இது. அந்தச் சம்பவத்தை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டினால் இறங்க வேண்டியது இறங்காமல் நிற்கும்.

ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-ல் எலிகளை வைத்து ஒரு விஷயத்தைக் கவனித்தார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு என்று தாக்குதல் எதுவாக இருந்தாலும் உடம்பின் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. அது நீடித்தபோது அட்ரினல் சுரப்பிகள் வீங்கின, இரைப்பையில் புண் வந்தது. நமக்கும் அன்றாட டென்ஷன் ஒரு நாள் வந்து போனால் பெரிய கெடுதல் இல்லை. அடங்காமல் அடுத்த நாளுக்குள் நீளும்போதுதான் உடம்பைத் தின்கிறது.

ஆக, முதல் வேகத்தை உடனே அடக்க ஒரு வகை வழி தேவை. இரண்டாவதை இறக்கவும், தலைக்குள் ஓடுவதை நிறுத்தவும் வேறு வகை வேண்டும். ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுக்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

மூச்சுப்பயிற்சியும் தியானமும்

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதால் பார்க்கவும் ஒன்றுபோலத்தான் தெரியும். செய்கிற வேலை வேறு.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். நாடி கொஞ்சம் வேகமாகும். அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், நாடி தளரும். எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாவிட்டாலும் பலருக்கு இது விரலிலேயே புரியும். மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் நரம்பு, மூச்சை விடும்போது இதயத்துக்கு பிரேக் போடுகிறது. இதயத் துடிப்பை நினைத்தவுடன் குறைக்க நம்மால் முடியாது. மூச்சு நம் கையில் இருக்கிறது, அதன் வழியாக இதயத்தைத் தொடலாம்.

சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை 6-க்குக் கொண்டுவருவதுதான் மெதுமூச்சு. 4 நொடி இழுத்து 6 நொடி விட்டால் கணக்குச் சரியாக வரும். இன்னொரு முறையும் உண்டு. மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து, பிறகு வாய் வழியாக நீளமாக விடுவது. பெருமூச்சு விடுகிறோமே, அதையே வேண்டுமென்று செய்கிற மாதிரி. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு முறையாக தினமும் 5 நிமிடம், 28 நாட்கள் செய்ய வைத்தார்கள். மூன்று குழுக்களுக்கு மூச்சுப்பயிற்சி, ஒன்றுக்குத் தியானம். பதற்றம் நான்கிலுமே குறைந்தது. மனநிலை மேம்பட்டதில் மூச்சுப்பயிற்சி தியானத்தை முந்தியது, அதிலும் இந்தப் பெருமூச்சு முறை முதலில் வந்தது.

இதை வைத்துத் தியானத்தை ஒதுக்கிவிடக் கூடாது. 5 நிமிடம், 28 நாட்கள் என்ற அளவில் போட்டி வைத்தால் மூச்சு ஜெயிப்பது இயல்பு. தியானம் கேட்கும் விலை அதைவிடப் பெரியது, அது தருவதும் வேறு. ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்த தியானப் பயிற்சி 8 வாரம் நடக்கும். 2022-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், பதற்ற நோய் உள்ளவர்களுக்கு இந்த 8 வாரப் பயிற்சியும், அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் எசிட்டலோபிராம் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. பெரிய செய்திதான். ஆனால் அதற்காக அவர்கள் வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேர வகுப்புக்குப் போனார்கள், தினமும் வீட்டில் 45 நிமிடம் உட்கார்ந்தார்கள். அந்த உழைப்பைச் சொல்லாமல் பலனை மட்டும் சொல்வது நியாயமில்லை. (மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.)

தியானம் பழக்குவது ஒரு திறமையை: எண்ணம் வருகிறது, அதைக் கவனிக்கிறேன், அதன் பின்னால் போகாமல் திரும்புகிறேன். நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொள்ள முடியாது. நான் அந்த மாலையில் செய்தது அதுதான். மனம் ஓரளவு அமைதியாக இருக்கும் நாட்களில் ஆரம்பித்து, பழகிய பிறகு கஷ்டமான நாட்களுக்குக் கொண்டுபோக வேண்டும். அவசரத்துக்கு மூச்சு, ஆறு மாதம் கழித்து நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தியானம். நான் பிரித்துக்கொள்வது இப்படித்தான்.

மூச்சுப்பயிற்சியிலும் ஒரு கவனம் வேண்டும். உதடும் விரல் நுனியும் மரத்துப்போகிற மாதிரி இருந்தாலோ, தலை லேசாகச் சுற்றினாலோ, அளவுக்கு அதிகமாக மூச்சு இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆழமாக இழுக்கப் பாடுபட வேண்டாம். விடுவதை நீட்டினால் போதும்.

மூச்சைக் கவனித்தால் பயம் கூடுகிறவர்களுக்கு

சிலருக்கு மூச்சின் மேல் கவனம் போனாலே மூச்சு முட்டுகிற மாதிரி ஆகிவிடும். கற்பனை என்று அதைத் தள்ளக் கூடாது. அவர்களுக்குத் தசைத் தளர்வு நல்ல மாற்று. எட்மண்ட் ஜேகப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் வளர்த்தெடுத்த முறை இது. பாதத்தில் ஆரம்பித்து கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், தாடை, நெற்றி என்று ஒவ்வொரு பகுதியாக ஐந்தாறு நொடி இறுக்கி, பிறகு சட்டென்று விட்டு, அந்தத் தளர்வை இருபது நொடி கவனிப்பது.

மூச்சோடு ஒப்பிட்டால் இது மெதுவானது, 10 முதல் 15 நிமிடம் ஆகும், படுக்கவோ சாயவோ இடம் வேண்டும். கூட்டத்தின் நடுவே செய்ய முடியாது. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்து, கழுத்தும் தோளும் கல்லாகிப் போனவர்களுக்கு மூச்சைவிட இதுதான் நேராக வேலை செய்யும். தாடையை எவ்வளவு நேரமாகக் கடித்துக்கொண்டிருந்தோம் என்பதே அதை விட்ட பிறகுதான் தெரியும். படுக்கையில் செய்தால் பாதியிலேயே தூங்கிவிடுவதும் உண்டு. நல்லதுதானே.

நடை: நான் முதலில் வைப்பது

ஒரே ஒரு வழியைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் நடையை எடுப்பேன். வெளியே, மரம் செடி கண்ணில் படுகிற இடத்தில், கையில் போன் இல்லாமல் ஒரு நடை.

காரணம் எளிது. டென்ஷனில் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. சர்க்கரையையும் கொழுப்பையும் இரத்தத்தில் இறக்கி, தசைகளை முறுக்கி வைக்கிறது. நாமோ அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறோம். நடந்தால் உடம்பு எதற்காகத் தயாரானதோ அந்த வேலை அதற்குக் கிடைக்கிறது. அப்புறம் காலின் சீரான தாளம், கண் தூரத்தைப் பார்ப்பது, இடம் மாறுவது எல்லாம் சேர்ந்து தலைக்குள் ஓடுகிற பேச்சையும் மெல்லக் கலைக்கிறது. உடம்பு, தலை இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிற வழி நான் பார்த்தவரை இதுதான்.

எவ்வளவு நேரம்? 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் நகரவாசிகள் 36 பேரை 8 வாரம், வாரத்துக்கு மூன்று தடவையாவது குறைந்தது 10 நிமிடம் இயற்கையான ஓர் இடத்தில் இருக்கச் சொன்னார்கள். நடக்கலாம், உட்காரலாம், ஓட்டம் கூடாது, போன் கூடாது, பேச்சும் படிப்பும் கூடாது. உமிழ்நீரில் கார்டிசாலை அளந்தபோது, 20 முதல் 30 நிமிடத்துக்குள்தான் அது அதிக வேகத்தில் இறங்கியது. அதற்கு மேல் இருந்தாலும் இறங்கியது, ஆனால் மெதுவாக. மணிக்கணக்கில் போக நேரமில்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இது ஆறுதலான கணக்கு.

எங்கே நடப்பது என்பதும் முக்கியம். 2015-ல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 38 பேரை இரண்டாகப் பிரித்து 90 நிமிடம் நடக்க அனுப்பினார்கள். ஒரு குழு புல்லும் மரங்களும் உள்ள பகுதியில் நடந்தது, இன்னொன்று வாகனங்கள் நிரம்பிய பெரிய சாலை ஓரமாக. மரங்களுக்கு இடையே நடந்தவர்கள் தங்களைக் குறை சொல்லிக்கொண்டு ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்ப மெல்லுவது குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இதற்கும் முன்னால், 1984-ல், ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்களில், சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள், கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே கேட்டிருந்தார்கள். படுக்கையில் கிடந்தபடி மரத்தைப் பார்த்ததற்கே இவ்வளவு. வெளியே போகவே முடியாதவர்கள் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

பக்கத்தில் பசுமையே இல்லை என்றால் நடையை விட்டுவிடலாமா? கூடாது. கிடைக்கிற தெருக்களில் அமைதியான தெருவைப் பிடித்து நடங்கள். முப்பது நிமிடம் ஒரே தடவையாகக் கிடைக்காதவர்கள், கைக்குழந்தையோடோ நோயாளியோடோ இருப்பவர்கள், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020-ல் எடுத்துவிட்டது. சின்னச் சின்ன நடையும் கணக்கில் சேரும்.

ஓட்டம், எடை தூக்குவது மாதிரியான கடும் உடற்பயிற்சி நடையைவிட மேல் இல்லையா என்று கேட்கலாம். நீண்ட கால ஆரோக்கியத்துக்கு அது நல்லது, சந்தேகமில்லை. தூக்கம் கெட்டுக் களைத்துப்போய் இருக்கிறவருக்கு மட்டும் கடும் பயிற்சி இன்னொரு சுமையாகிவிடும். அந்த நேரத்தில் உடம்பில் கார்டிசாலும் ஏறத்தான் செய்யும். கோபத்தைத் தீர்க்க என்று அடித்து நொறுக்குகிற மாதிரி எதையும் செய்வதை நான் வேண்டாம் என்பேன். பிராட் புஷ்மன் 2002-ல் செய்த ஆய்வில், கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. ஒன்றும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் கோபம் குறைவாக இருந்தது. கோபத்தைக் கொட்டினால் தீரும் என்று நாம் நம்பி வந்ததற்கு நேர் எதிர்.

எழுதுவதா, பேசுவதா?

உடம்பு ஓய்ந்துவிட்டது, மனம் மட்டும் ஓயவில்லை. படுத்ததும் நாளைய வேலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. இந்த இடத்தில் மூச்சைவிடவும் நடையைவிடவும் ஒரு தாளும் பேனாவும் உதவும். 2018-ல் ஒரு தூக்க ஆய்வகத்தில் 57 இளைஞர்களைத் தூங்கும் முன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள், பாதிப் பேர் செய்ய வேண்டிய வேலைகளை. நாளைய பட்டியலை எழுதியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. தாளில் இறக்கி வைத்துவிட்டால், மறந்துவிடக் கூடாதே என்று மூளை காவல் காக்க வேண்டியதில்லை.

மனதை உறுத்துவது வேலைப் பட்டியல் இல்லை, ஒரு பழைய காயம் என்றால் எழுத்து வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போனது. அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் உடல்நலக் குறைவு என்று மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆகவே முக்கியமான வேலைக்குக் கிளம்பும் முன்போ, தூங்கப் போகும் முன்போ இந்த மாதிரி எழுத்தைத் தொட வேண்டாம். நேரம் இருக்கிற ஒரு பகலில் எழுதுங்கள். நான்கு நாள் எழுதியும் அதே வரிகளே திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு ஒரு மனிதரிடம் போவது நல்லது.

பேச்சுக்கு எழுத்தில் கிடைக்காத ஒன்று உண்டு: இன்னொரு உடம்பின் அருகாமை. 2006-ல் ஜேம்ஸ் கோன் நடத்திய ஆய்வில், லேசான மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று காத்திருந்த மணமான பெண்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அச்ச எதிர்வினை நன்றாகவே குறைந்தது. முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்தபோதுகூட ஓரளவு குறைந்தது. ஒரு வார்த்தை பேசாமலே இது.

பேச்சில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே கஷ்டத்தைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருந்தால் நட்பு நெருக்கமாகும், கூடவே கவலையும் வளரும். சிறுவர் சிறுமியர் நட்பை ஆராய்ந்த அமாண்டா ரோஸ் 2002-ல் இரண்டும் சேர்ந்தே இருப்பதைக் கண்டார். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: கொஞ்ச நேரம் முழுதாகக் கொட்டிவிட்டு, "சரி, இதில் நான் அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிடுவேன். பேச்சு அங்கிருந்து வேறு பாதையில் போகும்.

பாட்டு, போன், மூலிகை மாத்திரை

பாட்டு உதவும், அதுவும் மெதுவான தாளமாக இருந்தால். 2006-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் ஒரு வியப்பான விஷயம் கிடைத்தது. பாட்டுகளுக்கு நடுவே விட்ட 2 நிமிட மௌனத்தில்தான் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதிகம் தணிந்தன. பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்கள்.

போனில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பதை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அது கவலையை மறக்கடிக்கும், உடம்பை அப்படியே இறுக்கத்தில் விட்டுவிடும்.

மூலிகைச் சத்து மாத்திரைகள் 'இயற்கை' என்ற பெயரில் வருவதால் ஒரு எச்சரிக்கை. அசுவகந்தா எனப்படும் அமுக்கரா சிலருக்கு டென்ஷனைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு. தைராய்டு அளவை மாற்றக்கூடியது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மூச்சும் நடையும் இருக்கும்போது இதை முதலில் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

தூக்கம் எல்லாவற்றுக்கும் அடித்தளம்

தூக்கத்தை மற்ற வழிகளோடு வரிசையில் நிறுத்த மனம் வரவில்லை. அது இல்லாதபோது மற்ற எதுவும் நிற்காது. 2007-ல் நடந்த ஆய்வில் ஏறக்குறைய 35 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுக்கு மனதைப் பாதிக்கும் படங்களைக் காட்டினார்கள். அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. நேற்று சிரித்துவிட்டுப் போன அதே சொல் இன்று குத்துகிறதென்றால், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று முதலில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். மாலையில் குடித்த காபியில் உள்ள கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதை எடுப்பது?

ஐந்து நிமிடத்தில் நேர்காணல், நெஞ்சு படபடக்கிறது. மூச்சுதான், வேறு யோசனையே வேண்டாம். மூச்சும் பயமுறுத்தினால் முகத்தில் குளிர்ந்த நீரை அள்ளித் தெளித்துச் சில நொடி அப்படியே இருங்கள். நீரில் மூழ்கும்போது இதயம் நிதானமாகிற அந்த இயல்பான எதிர்வினை தூண்டப்படும். இதயக் கோளாறு உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

ஒருவரோடு சண்டை வந்து, அதைப் பேசித் தீர்க்க வேண்டும் என்றால் உடனே பேச உட்கார வேண்டாம். கார்டிசால் ஏறுகிற அந்த அரைமணியில் சொன்ன வார்த்தைகளைத்தான் நாம் பிறகு திரும்பப் பெற நினைக்கிறோம். நடந்துவிட்டு வந்து பேசுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் மாலைக்கும் நடை. கால் ஒத்துழைக்காதவர்களுக்குத் தசைத் தளர்வு.

மாதக்கணக்கில் நீள்கிற சுமை வேறு: வீட்டில் நோயாளி, கடன், நிச்சயமில்லாத வேலை. இங்கே ஐந்து நிமிட வழிகள் மட்டும் போதாது. இங்கேதான் தியானத்தின் நிதானமான உழைப்பும், தோள் கொடுக்கும் மனிதர்களும் வேண்டும். சுமையையே குறைக்க வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூச்சுப்பயிற்சி கடனை அடைக்காது. தவணை கேட்டுப் பேசப் போகும் அளவுக்குத் தலையைத் தெளிய வைக்கும். அதற்குத்தான் அது.

எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். தினமும் செய்வதற்கு முன்னும் பின்னும் இறுக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள். நினைவை நம்பினால் கெட்ட நாள் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். தாளில் இருக்கும் எண்கள் எது நமக்கு உதவுகிறது என்று நேராகக் காட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே கிடந்தால், தூக்கமும் பசியும் கெட்டுப்போனால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், இவற்றோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி உதவிக்குப் போங்கள். நெஞ்சுவலி வந்தால் டென்ஷன் என்று நீங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தியானத்துக்கு நான் திரும்பி வந்தது ஒரு விடுமுறை நாள் காலையில், மனதில் ஒன்றும் இல்லாதபோது. இப்போது வாரத்தில் மூன்று நாள் நடக்கிறது, மீதி நாள் நழுவிவிடுகிறது. நடையை மட்டும் நழுவ விடுவதில்லை. இரண்டு நாள் போகாவிட்டால் மூன்றாம் நாள் மதியமே தாடை இறுகி நிற்பது தெரிந்துவிடும். போனை மேசையிலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.